புதுக் குடித்தனத்துக்கு அடுப்படிக் கணக்கு

இருபதாம் தேதிக்குள் சம்பளம் கரைந்துவிட்டதென்று கையைப் பிசையும் பிள்ளைகளே, வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கச் சொல்ல மாட்டேன். வயிறாரச் சாப்பிடுங்கள். வாங்கியது எதுவும் குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் கவலை தீரும்.

1. கல்யாணமான கையோடு ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடுங்கள். பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் புதுக் கார்டு கிடைக்கும். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தப் புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லையா, இட்லிக்கு ஊறப்போடுங்கள்.

2. மாவை வீட்டிலேயே அரையுங்கள். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம். அடியில் மிஞ்சுவது குழிப்பணியாரத்துக்கு. ஒரு கரண்டி மாவுகூட வீணாகாது.

3. புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில் புதுசாக வரும்போதே வருஷத்துக்கு வாங்கிவிடுங்கள். புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவி ஜாடியில் அடைத்தால் கெடாது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்கள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

4. காய்கறிக்கு உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கியது. விளைவித்தவரே விற்பதால் இடைத்தரகு கிடையாது. அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். காலையிலேயே போனால்தான் நல்ல காய் கிடைக்கும். முகூர்த்த நாளை ஒட்டிக் காய் விலை ஏறும்; காலண்டரைப் பார்த்து முன்னாடியே வாங்கிவிடுங்கள்.

5. மழைக்காலத்தில் தக்காளியும் சின்ன வெங்காயமும் எகிறும். தக்காளி இல்லாமல் வைக்கிற மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, பருப்புத் துவையல் மூன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

6. மீன் என்றால் வஞ்சிரம்தான் என்றில்லை. மத்தி, நெத்திலி விலையும் குறைவு, சத்தும் அதிகம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அப்போது முட்டையும் கருவாடும் கைகொடுக்கும்.

7. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள். கேஸ் மிச்சம்.

8. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் பழைய சோறு. வெயில் நாளில் அதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியாது.

9. கடைக்குக் கிளம்புமுன் டப்பாக்களைத் திறந்து பார்த்துச் சீட்டு எழுதுங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றாலும், சீட்டில் இல்லாததைத் தொடாதீர்கள்.

10. பிள்ளையின் பாலிலும், கர்ப்பிணியின் பழத்திலும், முதியவர்களுக்கு மருந்து மாதிரி வேண்டியிருக்கிற சாப்பாட்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கீரைக்காரம்மாவிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.