கோழியைக் கொன்றது கீரிதானா?

காலையில் கூட்டைத் திறக்கும்போது நாலைந்து கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால், ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர் கீரி.

நம்பிக்கை: இராத்திரி வந்து ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போவது கீரி.

உண்மை: நம் தோட்டந்துரவுகளில் திரியும் கீரி பகலில்தான் இரை தேடும், இருட்டினால் வளைக்குள் அடங்கிவிடும். இரவில் கூட்டுக்குள் புகுவது பெரும்பாலும் மரநாய், காட்டுப்பூனை, அல்லது தெருநாய். இவற்றில் எதுவும் ரத்தம் உறிஞ்சுவதில்லை. கழுத்தைக் கடித்துக் கொல்வது அவற்றின் வேட்டை முறை. ரத்தம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே உறைந்துவிடுவதால் குடித்துவிட்டதாகத் தோன்றுகிறது. அடைபட்ட இடத்தில் கோழிகள் தப்ப வழியின்றிச் சிறகடிக்கும்போது, வந்த விலங்கு தின்ன முடிந்ததைவிட அதிகமாகக் கொன்று போடுகிறது.

ஆளை மாற்றிப் பழி சொன்னால் காவலும் மாறிப்போகும். இரவில் பூட்டிய நிம்மதியில் பகலில் குஞ்சுகளைக் கண்டபடி மேய விடுகிறோம். கீரியும் கள்ளப்பருந்தும் வல்லூறும் காகமும் அப்போதுதான் வருகின்றன. முதல் ஒரு மாதமாவது குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், மேலே ஒரு கல் ஏற்றி. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் திறந்து விடுங்கள்.

நம்பிக்கை: கோழிவலை அடித்தால் போதும்.

உண்மை: அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய கம்பி, கோழி வெளியே போகாமல் தடுக்கவே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும். கண் பெரிதாக இருந்தால் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான வெல்டு மெஷ் அடியுங்கள். அடிப்பாகத்தை ஓர் அடி ஆழம் புதைத்தால் தோண்டி வருவதும் நிற்கும். மரநாய் நன்றாக மரமேறும், அதனால் கூரையிலும் இடைவெளி கூடாது.

நம்பிக்கை: பூண்டை நசுக்கித் தெளித்தால் பாம்பு வராது.

உண்மை: வரும். நல்லபாம்பு முட்டையையும் குஞ்சையும் விழுங்கும்; ஆனால் கூட்டுப்பக்கம் அதை அடிக்கடி இழுப்பது எலி. எலியை இழுப்பது சிந்திக் கிடக்கும் தீவனம். மாலையில் தட்டை எடுத்து, தரையைக் கூட்டிவிடுங்கள்.

கடைசியாக, விஷம். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை, கொல்வது குற்றம். அந்த விஷத்தை உங்கள் நாயும், ஏன், உங்கள் கோழியுமே தின்னக்கூடும். விஷம் வாங்கும் காசுக்குக் கூட்டுக்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கிப் போடுங்கள்.