பேசப் போகிறவளே பணம் கட்டுவது ஏன்?

கேள்வி: என் மகள் கோவையில் ஆராய்ச்சி மாணவி. சாயப்பட்டறைக் கழிவுநீரில் இருந்து உப்பை மீட்பது பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஐரோப்பாவில் நடக்கும் ஒரு மாநாட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வீடே சந்தோஷப்பட்டது. அடுத்த வாரமே, பதிவுக் கட்டணம் என்று 40,000 ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி மெயில் வந்தது. அதே மெயிலின் அடியில் ‘இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவித்தொகை உண்டு’ என்றும் போட்டிருக்கிறார்கள். பேச வா என்று கூப்பிட்டவர்களே காசு கேட்பதும், கேட்ட கையோடு காசு தருகிறேன் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. இது ஏமாற்று வேலையா?

- நிட்டிங் யூனிட் நடத்தும் வாசகர், 15 வேலம்பாளையம், திருப்பூர்

பதில்: ஐயா, எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுகிறீர்கள். பல பேராசிரியர்களுக்கே இல்லாத பழக்கம் இது. கேள்வியும் நியாயமான கேள்விதான். ஆனால் ‘கூப்பிட்டவர்கள்’ என்ற இடத்தில்தான் சிக்கல். உங்கள் மகளை யாரும் கூப்பிடவில்லை. அவர் விண்ணப்பித்தார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அறிவியல் மாநாடுகளில் பேசுகிறவர்கள் இரண்டு வகை. அமைப்பாளர்களே தேடிப்போய் அழைக்கும் சிறப்புப் பேச்சாளர்கள் ஒரு சிலர். அவர்களுக்கு டிக்கெட்டும் தங்கும் அறையும் பெரும்பாலும் மாநாட்டுச் செலவு. மற்ற எல்லோரும் ஆய்வுச் சுருக்கம் அனுப்பி, அதாவது என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்து, இடம் பிடித்தவர்கள். அவர்கள் கட்டும் பணத்தில்தான் மண்டப வாடகையில் இருந்து தேநீர் வரை நடக்கிறது. இந்தியா நிட் ஃபேரில் ஸ்டால் போடுகிறவர் சரக்கையும் கொண்டுவந்து, இடத்துக்கு வாடகையும் கட்டுகிறார் அல்லவா? வருகிறவர்கள் தன் சரக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தேவை. மாநாடும் அப்படித்தான். ஏற்றுமதிக் கண்காட்சிக்கு வெளிநாடு போகும் சிறு நிறுவனங்களுக்கு, வர்த்தக அமைச்சகத்தின் சந்தை அணுகல் உதவியில் விமானக் கட்டணத்துக்கு விதிக்கு உட்பட்டுப் பணம் கிடைப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆய்வாளர்களுக்கான பயண மானியம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

சரி, எல்லோரிடமும் வாங்கிச் சிலருக்கு மட்டும் ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள்? நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தரும் பரிசு என்று பலர் நினைக்கிறார்கள். ஏழைகளுக்கான சலுகை என்று வேறு சிலர். இரண்டும் ஓரளவுக்குத்தான் சரி. கட்டுரையின் தரத்தைப் பார்ப்பார்கள், வேறு நிதி உண்டா என்றும் கேட்பார்கள். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஒரு மூத்த பேராசிரியருக்கு ஆராய்ச்சித் திட்ட நிதி இருக்கும். அதில் ‘பயணம்’ என்றே தனித் தலைப்பு இருக்கும். ஆனால் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துப் புதியதைக் கண்டறிவது பெரும்பாலும் மாணவர்கள். யு.ஜி.சி., சி.எஸ்.ஐ.ஆர். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அந்த உதவித்தொகை வாங்குகிறவருக்கே உங்களுக்கு வந்த பில் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது; அதுகூட இல்லாமல் படிக்கிறவர்கள் ஏராளம். புதுச் செய்தி வைத்திருப்பவர் வர முடியாமல், பழைய செய்தி வைத்திருப்பவர் மட்டும் வந்து உட்கார்ந்தால் மாநாடு படுத்துவிடும். அதனால் மாநாடு நடத்தும் சங்கங்கள் கட்டண வசூலில் ஒரு பங்கையும் நன்கொடையையும் இளையவர்களுக்கென்று ஒதுக்குகின்றன. இதில் தர்மம் கொஞ்சம், சுயநலம் நிறைய. அதில் தப்பில்லை.

கட்டுரையை மெயிலிலேயே அனுப்பிவிடலாமே, நேரில் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் முழுக்க மாறியது. தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுகிறார்கள், மிச்சத்தைக் கொதிக்க வைத்துச் சுண்ட வைக்கிறார்கள். சாயம் ஏற்றப் பயன்படும் உப்பில் ஒரு பகுதி மறுபடி பட்டறைக்கே போகிறது. கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லாமல், பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அதுதான். துருக்கியிலும் வங்கதேசத்திலும் இத்தாலியிலும் சாயம் போடுகிறவர்களுக்கும் உப்புத் தலைவலி உண்டு. ‘இந்தச் சவ்வு மூன்றே மாதத்தில் அடைத்துக்கொண்டது, வாங்காதே’ என்பதை யாரும் கட்டுரையாக எழுத மாட்டார்கள். தேநீர் வரிசையில் சொல்வார்கள்.

பயணத்தில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடவும் முடியாது. 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகம் சி.வி.ராமனைப் பிரதிநிதியாக அனுப்பியது. அதுவே அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். மாநாட்டில் என்ன நடந்தது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. மத்திய தரைக்கடலின் நீலம் அவர் கண்ணில் பட்டது. திரும்பி வரும் ‘நார்க்குண்டா’ கப்பலில் ஒரு நிக்கோல் பட்டகத்தை, அதாவது நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வானத்து ஒளியை மறைத்துக் காட்டும் படிகக் கருவியை, வைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. அங்கே பிடித்த நூல்தான் 1928 கண்டுபிடிப்புக்கும் 1930 நோபல் பரிசுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தின்போது அவருக்கு வயது 32. நம் அரசின் பயண உதவித் திட்டத்தில் இளம் விஞ்ஞானிக்கு வைத்த வரம்பு 35. ராமன் தாராளமாகத் தேறியிருப்பார்.

அந்தத் திட்டத்தை முன்பு ‘செர்ப்’ என்ற வாரியம் நடத்தியது. 2023 சட்டத்தின்படி அது இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் வந்துவிட்டது. சிக்கன வகுப்பு விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசா கட்டணம் ஆகியவற்றுக்கு விதிக்கு உட்பட்டு உதவி கிடைக்கும். ஒருமுறை வாங்கினால் அடுத்தது 3 ஆண்டு கழித்துத்தான். மருத்துவம் சார்ந்த ஆய்வு என்றால் ஐ.சி.எம்.ஆர்., உயிரியல் என்றால் உயிரித் தொழில்நுட்பத் துறை என்று வேறு கதவுகளும் உண்டு.

எனக்குப் பிடிக்காத பகுதி இனிமேல்தான். இந்தப் பணம் பெரும்பாலும் போய்வந்த பிறகே கைக்கு வரும். அரசுத் தரப்பு நியாயம் புரிகிறது: விசா கிடைக்காமல் போகலாம், மாநாடே தள்ளிப்போகலாம், நடக்காத பயணத்துக்குப் பொதுப்பணம் கொடுத்தால் தணிக்கையில் மாட்டுவார்கள். ஆனால் கையில் பணம் இல்லாதவருக்கு என்று ஏற்படுத்திய உதவியை, முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு வா என்று தருவது கோணல்தான். அப்பாவிடம் இருந்தால் பறக்கலாம். இல்லாத பிள்ளை ஏற்புக் கடிதத்தோடு நின்றுவிடும்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். இந்த மாநாட்டை ஒரு சங்கம் நடத்துகிறதா, மகளின் நெறியாளர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அனுப்பிய மறுநாளே ‘ஏற்றோம்’ என்று வந்திருந்தாலோ, ஒரே ஹோட்டலில் ஒரே வாரம் பல் மருத்துவம் முதல் ஜவுளி வரை பத்து மாநாடு நடந்தாலோ ஒதுங்கிவிடுங்கள். வர ஒப்புக்கொள்ளாத பிரபலங்களின் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்த்தது உள்ளிட்ட புகார்களில், ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019-ல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. உங்களுக்கு வந்த மெயிலில் உதவித்தொகை பற்றி ஒரு வரி இருப்பது மட்டும் நல்லதற்கும் கெட்டதற்கும் சாட்சி ஆகாது.

எல்லாம் சரியாக இருந்தால், இரண்டு இடத்திலும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்: கட்டணத் தள்ளுபடிக்கு மாநாட்டிடம், விமானக் கட்டணத்துக்கு அறக்கட்டளையிடம். ஒரே செலவை இரண்டு பேரிடமும் வாங்கக் கூடாது. ஒன்று கிடைத்ததை மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். தெரிந்த டிராவல்ஸில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அரசுப் பணத்தில் பறப்பவர்களுக்குப் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்று மூன்றே முகவர்களை 2022-ல் நிதி அமைச்சகம் வரையறுத்தது. மானியத் தாளில் என்ன விதி போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே வாங்குங்கள். போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இன்னொன்று: முன்கூட்டியே பதிவு செய்கிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தின் கடைசித் தேதி, உதவித்தொகை முடிவு தெரிவதற்கு முன்பே வந்துவிடுவதுண்டு. அப்படி நேர்ந்தால், முடிவு வரும்வரை சலுகையை நீட்டிக்க முடியுமா என்று மாநாட்டுச் செயலருக்கு மகள் இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்.