சாய்சதுரம்: நம்புவதும் நிஜமும்

நான்கு பக்கங்களும் சமமாக உள்ள நாற்கரம் சாய்சதுரம். வரையறை இவ்வளவுதான். ஆனால் கரும்பலகையில் எப்போதும் ஒரே மாதிரிப் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், வரையறையில் இல்லாததையெல்லாம் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். பின்னால் நிரூபணக் கணக்குகளில் அவர்கள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை 1: கூர்முனையில் நின்றால்தான் சாய்சதுரம்; படுத்திருந்தால் அது இணைகரம்.
உண்மை: தாளைத் திருப்பிப் பிடித்தால் பக்கங்களின் நீளம் மாறுவதில்லை. தவிர, எல்லாச் சாய்சதுரமும் இணைகரம்தான். எதிர்ப்பக்கங்கள் இணை, எதிர்க்கோணங்கள் சமம், அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180°.

நம்பிக்கை 2: சதுரம் சாய்சதுரம் ஆகாது.
உண்மை: யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ நூலில் இரண்டையும் பிரித்துத்தான் வைத்தார், செங்கோணம் இருந்தால் அவர் கணக்கில் அது சாய்சதுரம் இல்லை. இன்றைய கணிதம் பக்கங்களை மட்டுமே பார்க்கிறது. அதில் ஒரு பெரிய வசதி உண்டு. சாய்சதுரத்துக்கு நிரூபித்த பண்பு எதையும் சதுரத்துக்கு மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 3: மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினாலே சாய்சதுரம்.
உண்மை: பட்டம் என்ற நாற்கரத்திலும் அவை செங்குத்தாகத்தான் வெட்டும். ஒன்றையொன்று இருசமக் கூறிடவும் வேண்டும். அவற்றின் நீளம் சமமாக இருக்கத் தேவையில்லை. சமமாகிவிட்டால் அது சதுரம்.

நம்பிக்கை 4: பக்கம் தெரிந்தால் பரப்பளவு தெரிந்துவிடும்.
உண்மை: காரைத் தூக்கும் கத்தரி ஜாக்கியைக் கவனியுங்கள். திருகைச் சுற்றச் சுற்றக் கிடைமட்ட மூலைவிட்டம் குறுகும், நிமிர்ந்த மூலைவிட்டம் நீளும், வண்டி எழும்பும். நான்கு கைகளின் நீளமோ அப்படியே இருக்கும். அதுபோலவே 5 செ.மீ. பக்கமுள்ள சாய்சதுரங்கள் எல்லாவற்றுக்கும் சுற்றளவு 20 செ.மீ.தான், பரப்பளவு மட்டும் கோணத்துக்கு ஏற்ப மாறும். செங்கோணமானால் 25 ச.செ.மீ. மூலைவிட்டங்கள் 6, 8 செ.மீ. என்றால், அவற்றின் பெருக்கலில் பாதி, 24 ச.செ.மீ. குறுங்கோணம் 30° ஆனால் உயரம் 2.5 செ.மீ.; பரப்பளவு 12.5 ச.செ.மீ.தான்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒல்லியாக, அகலமாக, படுத்தபடி, நின்றபடி என்று பலவிதமாக வரைந்து காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகளே அளவுகோல் வைத்து நான்கு பக்கங்களையும் அளக்கட்டும். படத்தை நம்பாமல் வரையறையை நம்பும் பழக்கம் அப்படித்தான் வரும்.