சிவகிரிப் பிள்ளைக்கு ஹானர்ஸ் வேண்டுமா?

சிவகிரியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகம், தெற்கே ஒன்று. ராஜபாளையம் பஸ் ஏறினால் மதுரை காமராசர்; புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம் பக்கம் போனால் மனோன்மணியம் சுந்தரனார். இரண்டிலும் கலை, அறிவியல் பட்டம் மூன்று வருஷம்தான். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கேரளம் 2024 ஜூலை 1-ல் நான்காண்டு ஹானர்ஸைத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து இந்தப் பக்கத்து வீடுகளிலும், “ஹானர்ஸ்னா மதிப்பு ஜாஸ்தியாமே?” என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது.

மதிப்பை விட்டுவிட்டு முதலில் வருஷத்தை எண்ணுவோம். இங்கே மூன்று வருஷம் பி.எஸ்சி., இரண்டு வருஷம் எம்.எஸ்சி.: மொத்தம் ஐந்து. அங்கே நான்கு வருஷம் ஹானர்ஸ், ஒரு வருஷம் முதுகலை: அதுவும் ஐந்துதான். ஆனால் அந்த ஒரு வருஷ முதுகலை எல்லா ஊரிலும் கிடைக்காது. நான்கு வருஷம் படித்துவிட்டு இங்கே திரும்பி வந்து வழக்கமான இரண்டு வருஷ முதுகலையில் சேர்ந்தால் ஆறு வருஷம் ஆகிவிடும். புரோஷர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவதில்லை. ஹானர்ஸில் சேருமுன், அடுத்து எங்கே முதுகலை என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் வருஷம் உண்மையிலேயே லாபம் தருவது ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் ‘ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்’ கேட்கலாம். அதில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், நெட் தேர்வும் எழுதலாம். கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பிஎச்.டி. வழிகாட்டும் தகுதியுள்ள நிரந்தரப் பேராசிரியர்கள் உங்கள் துறையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அங்கே நான்காம் வருஷம் வெறும் கூடுதல் வருஷம்தான்.

குரூப் 1, குரூப் 2 என்று குறி வைத்திருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே கேட்பது ஒரு பட்டம். மூன்றாண்டுப் பட்டம் தாராளமாகப் போதும். மிச்சமாகும் வருஷத்தில் தேர்வுக்குப் படிக்கலாம்.

கேரளம் பக்கம் என்பது வரைபடத்தில்தான். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2018 முதல் அகல ரயில் ஓடுகிறது என்றாலும், சிவகிரியிலிருந்து தினம் போய் வரும் தூரமில்லை. விடுதிச் செலவு நிச்சயம். இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை இங்கே கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன். மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய் வரை. மலை தாண்டினால் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கேரளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: மூன்றாம் வருஷம் முடிந்ததும் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம். ஹானர்ஸா இல்லையா என்ற முடிவை அதுவரை தள்ளிப்போடலாம்.

இன்னும் தூரம் போகலாமென்றால், டெல்லிப் பல்கலைக்கழகம் சியூஇடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் பார்த்துச் சேர்க்கிறது. 2013-ல் நான்காண்டைக் கொண்டுவந்து, அடுத்த வருஷமே கைவிட்டு, 2022-ல் திரும்பவும் தொடங்கிய இடம் அது. விடுதியும் குளிரும் சமாளிக்கக்கூடிய குடும்பம் யோசிக்கலாம்.

இத்தனை தூரம் போகாமலே ஹானர்ஸ் பட்டம் இங்கேயே ஒன்று இருப்பது பலருக்கு உறைப்பதில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரி படிப்பு பி.எஸ்சி. (ஹானர்ஸ்), நான்கு வருஷம். தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்தில் அதன் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஊரான வாசுதேவநல்லூரிலேயே இணைப்பு பெற்ற தனியார் கல்லூரியும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. எலுமிச்சை, நெல், தென்னை என்று வளர்ந்த பிள்ளைக்கு உயிரியலில் நல்ல மார்க் இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். சட்டத்தில் ஆர்வமென்றால் சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியில் ஐந்தாண்டு ஹானர்ஸ் இருக்கிறது.

ஊரை விட்டு நகர முடியாத கெட்டிக்காரப் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. உள்ளூர்க் கல்லூரியில் கணிதமோ வணிகமோ படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டத்தை ஆன்லைனில் படிக்கலாம். ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் சலுகை உண்டு. இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கைக்கு வரும். தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பாடம் லேசு என்று நினைத்து இறங்கக் கூடாது. இரண்டு பட்டத்துக்கும் ஒரே வாரத்தில் பரீட்சை வரும் செமஸ்டர்கள் இருக்கும்.

சமுதாயக் கல்லூரி எப்படி என்றும் சிலர் கேட்கிறார்கள். நம் ஊரில் அது சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கான சான்றிதழ், டிப்ளமோ படிப்பு. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா “கம்யூனிட்டி காலேஜ் ஹானர்ஸ்ல சேரு” என்று சொல்வது வேறு. அங்கே இரண்டு வருஷம் அந்தக் கல்லூரி, பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றம். கலிபோர்னியாவில் அப்படி ஹானர்ஸ் முடித்து வருகிறவர்களுக்கு யு.சி.எல்.ஏ. சேர்க்கையில் முன்னுரிமை காட்டுகிறது. ஆனால் மலிவு என்பது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். இங்கிருந்து விசா எடுத்துப் போகிறவர் வெளியாள் கட்டணம் கட்ட வேண்டும். சித்தப்பா பிள்ளைகளுக்குப் பொருந்துவது சிவகிரிப் பிள்ளைக்குப் பொருந்தாது.

எதில் சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்குமுன் நாலைந்து செட் ஜெராக்ஸ் எடுத்து அட்டெஸ்ட் வாங்கி வையுங்கள். இங்கே அரசுக் கல்லூரி கலந்தாய்வில் சேர்ந்த பிறகு வேறிடத்தில் சீட் வருவது நடக்கிற காரியம். மாறினால் டி.சி. எத்தனை நாளில் கிடைக்கும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைச் சேரும் அன்றே ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.