மூன்று மொழி தெரிந்தால் போதுமா?

கேள்வி: தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் சரளமாக எழுதுவேன். இதை வைத்துப் பிழைக்க முடியுமா?
– வாசகி, திருவனந்தபுரம்

பதில்: முடியும்; ஆனால் மொழியோடு ஒரு துறையும் கைவசம் வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத வழிசெய்கிறது. அப்படி வரும் நில மனுவை மலையாளக் கோப்பில் ஏற்ற, பட்டா விவகாரம் புரிந்தவர் தேவை. உங்கள் ஊரில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்காவிலும் இதே கதைதான்: மென்பொருளைப் புரிந்துகொண்டு பயனர் கையேடு எழுதுபவருக்கே மதிப்பு. ‘இதையெல்லாம் இனி கணினியே மொழிபெயர்த்துவிடுமே’ என்பீர்கள். சாதாரண வாக்கியங்களுக்கு அது உண்மைதான். அந்த வேலைக்கான கூலியும் குறையும். ஆனால் மனுவில் சர்வே எண்ணோ வாரிசு உறவோ பிசகினால், பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்புக்குத்தான் சம்பளம். ஆகவே சட்டம், மருத்துவம், மென்பொருள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை முறையாகப் படியுங்கள்.