வீட்டு மஞ்சளைப் பக்குவம் செய்தல்

பண்ருட்டிப் பகுதி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. ஆயினும் நீர் தேங்காத கொல்லையிலும், மரத்தடியின் அரைநிழலிலும் மஞ்சள் நன்றாக விளையும். பொங்கற் பானைக்குச் சில கொத்துகளைப் பிடுங்கியபின் எஞ்சியதைப் பச்சையாகவே வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. விற்குமுன் ஒரு கணக்கைப் பார்த்தல் அவசியம். 100 கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறக்குறைய 20 கிலோ தேறும். ஆகவே காய்ந்த மஞ்சளின் விலை, பச்சை விலையைப்போல் 5 மடங்குக்குமேல், விறகும் கூலியும் கட்டுமளவு இருந்தால் பக்குவம் செய்வதே லாபம்.

அறுவடை: நட்ட 7 முதல் 9 மாதங்களில், பெரும்பாலும் தை, மாசியில், இலைகள் பழுத்துக் காய்ந்து சாயும். அப்பொழுது தழையை அறுத்துவிட்டு, கிழங்கு காயப்படாமல் வெட்டியெடுத்து, மண்ணையும் வேரையும் நீக்க வேண்டும். தாய்க்கிழங்கையும் விரலியையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். நோயற்ற கிழங்குகளை வேகவைக்காமல் விதைக்கு ஒதுக்கி, நிழலில் மணலிட்டு மூடிவைத்தல் நலம்.

வேகவைத்தல்: வெட்டிய 2, 3 தினங்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். வெந்த கிழங்கு முளைவிடாது, பச்சை வாடை நீங்கும், நிறம் உள்ளெங்கும் சமமாய்ப் பரவும், விரைவில் காயும். கொப்பரையில் கிழங்கு மூழ்கும்வரை சுத்தமான நீர் வார்த்து, 45 முதல் 60 நிமிஷம் வேகவிட வேண்டும். சாணநீர் கலத்தல் கூடாது. நுரை பொங்கி, மஞ்சள் மணத்துடன் வெண்ணிற ஆவி எழும்பும். ஈர்க்குக் குச்சி தடையின்றி உள்ளே இறங்கும். அதுவே பதம். பதம் தாண்டினால் நிறம் கெடும். குறைந்தால் காய்ந்தபின் எளிதில் நொறுங்கும்.

உலர்த்தல்: மூங்கிற்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப வேண்டும். மெல்லியதாய்ப் பரப்பினால் நிறம் மங்கும். இரவில் குவித்து மூடிவைக்க வேண்டும். 10 முதல் 15 நாளில், ஒடித்தால் கணீரென்று ஒலிக்கும். பின்பு கோணியிலிட்டுத் தேய்த்தால் தோலும் சிறுவேரும் உதிர்ந்துவிடும்.

சாயம் வேண்டாம்: பளபளப்பிற்காக ஈயம் கலந்த மஞ்சட் சாயத்தைப் பூசுவது குற்றம் மட்டுமன்று, பெருங்கேடும் ஆகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். வங்காளதேசத்தில் இக்கலப்படம் பரவியிருந்ததை 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் வெளிப்படுத்தின. அதன்பின் அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுத்தது. நன்கு வெந்து காய்ந்த மஞ்சளுக்குச் சாயம் தேவையே இல்லை. வீட்டிற்கு வேண்டியதை அவ்வப்போது இடித்து, காற்றும் வெளிச்சமும் புகாத பாத்திரத்தில் வைத்தால் நிறமும் மணமும் நிலைக்கும்.

சங்கத்தின் பணி: சில கிலோ மஞ்சளுக்காக ஒருவர் கொப்பரை வாங்குவது கட்டாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே கொப்பரையும் ஒரே களமும் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்திலும் விரலி வேறு, கிழங்கு வேறு என்று தரம் பிரித்தே ஏலம் போகின்றது. சிறிய அளவில் விளைவிக்கும் அங்கத்தினர்களும் ஒன்றுகூடித் தரம்பிரித்து விற்பார்களாயின், உழைப்பின் பயன் இடைத்தரகரிடம் போகாமல் அவர்கள் கைக்கே வந்துசேரும்.