ஆலை மூடிய வருடம், ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்தது!

தூசு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? அலமாரி மேல் படிந்திருப்பது, லாரி போனதும் கண்ணில் விழுவது... அதெல்லாம் பாவம், சாதுவான தூசு! மூக்கிலுள்ள ரோமமும் சளியுமே அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு தும்மல் போட்டால் வெளியே வந்துவிடும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத நுண்தூசுக்குத்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு, ஒரு மைக்ரான். இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ளதுதான் நுண்தூசு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு!

'இத்தனூண்டு தூசு என்ன பண்ணிடும்?' என்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

யூட்டா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஜெனீவா ஸ்டீல் என்று ஒரு பழைய உருக்காலை. குளிர்காலம் வந்தால் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி நின்றுகொள்ளும். புகை போக வழி ஏது? ஊர் மேலேயே கிடக்கும்.

1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் ஆலை நின்றுபோனது. மறுபடி ஓடியது 1987 செப்டம்பரில். நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆலைப் புகையே இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்டன் போப் (இவர் டாக்டர்கூட இல்லை, பொருளாதாரம் படித்தவர்!) ஆஸ்பத்திரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று அட்மிட் ஆன குழந்தைகள், ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட ஓடிய குளிர்காலங்களில் இரண்டு, மூன்று மடங்கு அதிகம்! 1989-ல் இதை வெளியிட்டார்.

பெரியவர்களின் சிகரெட் புகை காரணமாக இருக்குமோ? அங்கே பெரும்பாலோர் மார்மன் மதத்தினர். புகையிலை அவர்களுக்கு ஆகாது. 'அந்த வருஷம் வைரஸ் குறைச்சலாக இருந்திருக்கும்' என்றும் சிலர் வாதாடினார்கள். வாதம் வருடக்கணக்கில் நீண்டது. கடைசியில் பேசியது, பத்திரமாக வைத்திருந்த பழைய காற்று வடிகட்டிகள்! ஆலை ஓடியபோதும் மூடியபோதும் பிடித்த தூசின் சாற்றை, சம்மதித்து வந்த ஆரோக்கியமானவர்களின் நுரையீரலில் துளி செலுத்திப் பார்த்தார்கள். ஓடிய காலத்துத் தூசு, அதிலிருந்த உலோகங்களோடு, கூடுதல் அழற்சியை உண்டாக்கியது. மூடிய காலத்துத் தூசு அவ்வளவு செய்யவில்லை. இது 2001-ல் வெளியானது.

நுண்தூசு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே தும்மலும் இருமலும் எடுபடாது. அழற்சி கிளம்பும். அந்த அழற்சி ரத்தத்திலும் பரவும். ரத்தம் உறையும் தன்மை கூடும். ரத்தக் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்தவருக்கு மாரடைப்பு வரலாம். மூச்சு சம்பந்தப்பட்ட சமாசாரம் என்று நினைத்தால், அடிபடுவது இதயம்!

ஆறு அமெரிக்க ஊர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு வருடங்களுக்கும் மேல் கவனித்து, 1993-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். காற்று மிக மோசமான ஊரில், சுத்தமான ஊரைவிட இறப்பு விகிதம் 26 சதவிகிதம் அதிகம். சிகரெட் பழக்கம், வயது எல்லாவற்றையும் கழித்த பிறகு! தனி ஒருவருக்கு ஆபத்து சிறிதுதான். ஆனால், ஊர் மொத்தமும் அதே காற்றைத்தானே இழுக்கிறது? இறந்தவரின் சர்ட்டிஃபிகேட்டில் 'மாரடைப்பு' என்றுதான் எழுதுவார்கள். தூசு என்று யாரும் எழுதப்போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வருட சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். 2009-ல் நம் நாடு வகுத்த வரம்போ 40!

சரி, வீட்டில்? கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்தூசு வரும் என்கிறது 2003-ல் வந்த ஓர் ஆய்வு. ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தை தலைமாட்டில் அதை வைக்கிறோம்! கொசுவலை கட்டிவிடுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டுவதால் பெரிய லாபமில்லை; முகத்தோடு ஒட்டிய என்-95 முகக்கவசம் உதவும். இதய நோயாளிகளும் ஆஸ்துமாக்காரர்களும் பனியும் புகையுமாக இருக்கும் விடியலில் வாக்கிங் போக வேண்டாம். வெயில் ஏறியதும், மெயின் ரோட்டை விட்டு உள் தெருவில் நடக்கலாம்.